வாசல்வரை வந்த இசை: சூழ்விசும்புத் திருவாய்மொழியில் ஒலியும் ஒலி ஒடுங்கலும்

உடலை நீத்த அடியவன் அர்ச்சிராதி மார்க்கத்தால் பரமபதம் சேரும் முறையை நம்மாழ்வார் பதினொரு பாசுரங்களில் அருளிச்செய்துள்ளார். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒன்பதாவதாக அமைந்த அப்பதிகத்தைச் சூழ்விசும்பு என்று பெயரிட்டு வழங்குவர். இப்பதிகத்தைக் கொண்டு பரமபதத்தை இடையறாத வாத்திய கோஷம் நிறைந்த ஓர் இசையரங்கமாக வர்ணிப்பது உபந்யாஸங்களில் பெருவழக்காகிவிட்டது. கேட்பவர் உள்ளம் குளிரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாசுரங்களை வரிசை பிறழாமல் படித்தால் அந்த வர்ணனைக்கு அங்கே இடமில்லை என்பது புலனாகும். இசை முழுவதும் வழியில் இருக்கிறது. வாசலுக்கு உள்ளே அது இல்லை.

வரிசையைக் காண்போம். முதற்பாசுரத்தில் மேகங்கள் தூரியம் முழக்குகின்றன. கடல் தன் அலைக்கைகளை எடுத்து ஆடுகிறது. இரண்டாவதில் மேகங்கள் பூரண கும்பம் வைக்கின்றன, கடல்கள் ஆர்க்கின்றன, எங்கும் தோரணம் நிரைக்கப்படுகிறது. மூன்றாவதில் தூபமும் மலர்மழையும்; முனிவர்கள் இருமருங்கும் நின்று வழி இதுவென்று கூறுகிறார்கள். நான்காவதில் இமையவர் இருப்பிடம் வகுக்க, கதிரவர் கைகாட்ட, கடல்முழக்கை ஒத்த முரசங்கள் அதிர்கின்றன. ஐந்தாவதில் கின்னரரும் கெருடரும் கீதம் பாடுகின்றனர். வேதியர் வேள்விப் பயனை ஸமர்ப்பிக்கின்றனர். ஆறாவதில் காளங்களும் வலம்புரியும் கலந்து ஒலிக்க, மடந்தையர் வாழ்த்துகின்றனர்.

இதற்குமேல் வாத்தியம் இல்லை. ஏழாம் பாசுரத்தில் மருதரும் வசுக்களும் தோத்திரம் சொல்லிப் பின்தொடர்கிறார்கள். அது சொல்லே அன்றிப் பாட்டாகச் சொல்லப்படவில்லை. எட்டாவதில் முடியுடை வானவர் எதிர்கொள்ள, கொடியணிந்த மதிலும் கோபுரமும் அணுகப்படுகின்றன. ஒன்பதாவதில் வாசற்காவலர் புகுமாறு அழைக்க, வைகுந்தத்து அமரரும் முனிவரும் மண்ணவர் பெற்ற பேற்றைக் கண்டு வியக்கிறார்கள். பத்தாவதில் பாதம் கழுவுதல், நிதி, சுண்ணம், நிறைகுடம், விளக்கு. பதினொன்றாவதில் மாமணி மண்டபத்தில் அந்தமில் இன்பத்தில் அடியாரோடு கூடியிருத்தல். முரசமும் சங்கும் கின்னரர் மிடறும் கோபுரத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

இது தற்செயலாக நேர்ந்ததன்று என்பதற்கு ஒலியின் படிமுறையே சான்று. முதலில் இயற்கையே கருவியாகிறது. மேகம் தூரியமாக, கடல் ஆடுபவராக. நான்காம் பாசுரத்தில் அந்த முறை திரும்பி, முரசம் கடலைப் போன்றது என உவமிக்கப்படுகிறது. கடலைக் கூத்தர் ஆக்கியவர் மூன்று பாசுரங்கள் கழித்து, முரசைக் கடலாக்குகிறார். அதன்பின் மிடற்றுப் பாட்டு, அதன்பின் ஊதுகருவி, அதன்பின் வெறும் தோத்திரம், அதன்பின் அழைப்புச் சொல், அதன்பின் வியப்பு. வியப்புக்கு ஒலி வேண்டுவதில்லை. மேலும் ஒரு சொல்லை நோக்குக. இசைத்தல் என்னும் வினை இப்பதிகத்தில் இருமுறை வருகிறது. மூன்றாம் பாசுரத்தில் அது முனிவர் கூறுதலைக் குறிக்கிறது. ஆறாம் பாசுரத்தில் சங்கும் காளமும் ஊதுதலைக் குறிக்கிறது. சொல்லும் இசையும் ஒரே வினையால் பேசப்படும் அளவுக்கு வழிமுழுதும் ஒலியால் நிறைந்திருக்கிறது. ஆறாம் பாசுரத்துக்குப் பின் அந்த வினை மீண்டும் வரவில்லை.

தமிழ் இசைநூலார் கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐவகைப்படுத்துவர். சூழ்விசும்பில் தோற்கருவி உண்டு, துளைக்கருவி உண்டு, மிடறும் உண்டு. நரம்பும் கஞ்சமும் பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. யாழையும் குழலையும் அறியாதவர் அல்லர் ஆழ்வார். ஊர் எல்லையில் நின்று பெரியோரை எதிர்கொள்ளும் வரவேற்புக்கு முரசும் சங்கும் காளமுமே உரியவை என்பதால் அவற்றை எடுத்தார் என்று கொள்வதே பொருத்தம். பூரண கும்பம், தோரணம், விளக்கு, மலர்மழை ஆகிய அனைத்தும் அந்த எதிர்கோடலின் அங்கங்களே. வேதாந்த ஸூத்ரத்தின் நான்காம் அத்தியாயம் மூன்றாம் பாதம் இவ்வழித்தேவதைகளை ஆதிவாஹிகர் என்கிறது; வழிநடத்திச் செல்வோர் என்பது பொருள். வழிநடத்துவோர் தத்தம் எல்லைவரை வந்து தம்மால் இயன்ற உபசாரத்தைச் செய்கிறார்கள். இசை அவர்கள் உபசாரம். பரமபதத்தின் உடைமை அன்று.

இவ்விடத்தில் ச்ருதியோடு ஒப்பிடுவது பயனுடைத்து. கௌஷீதகி உபநிஷத்து முதல் அத்தியாயத்தில் அக்நி, வாயு, வருண, இந்த்ர, ப்ரஜாபதி லோகங்களைக் கடந்து ப்ரஹ்மலோகம் சேர்பவனை ஐந்நூறு அப்ஸரஸ்ஸுகள் எதிர்கொள்கின்றனர். மாலை, அஞ்சனம், சூர்ணம், வஸ்த்ரம் முதலியவற்றை நூறு நூறு பேராக ஏந்தி வருகிறார்கள். அவர்கள் கையில் வீணை இல்லை. அவர்கள் பாடுவதாகவும் உபநிஷத்து சொல்லவில்லை. சூழ்விசும்பின் பத்தாம் பாசுரத்தில் மதிமுக மடந்தையர் ஏந்தி வரும் சுண்ணம் கௌஷீதகியின் சூர்ணமே. ஆக, வாசலுக்கு உள்ளே ஆழ்வார் ச்ருதியின் அடியொற்றி நடக்கிறார். வாசலுக்கு வெளியே ச்ருதி மௌனமாக இருந்த இடத்தில்தான் மேகமும் கடலும் முரசும் அவர் திருவாக்கில் ஒலிக்கத் தொடங்கின. அர்ச்சிராதி கதி உபநிஷத்துகளில் ஒரு பெயர்ப்பட்டியல். பிள்ளைலோகாசார்யர் அர்ச்சிராதி என்னும் ரஹஸ்யத்தில் அதனை விரித்தருளியபோது ஆழ்வாரின் வரவேற்பு வர்ணனை அவருக்கு முன் இருந்தது.

கடோபநிஷத்து இன்னும் நுட்பமான ஒப்புமை தருகிறது. மறுமையைப் பற்றிக் கேட்ட நசிகேதஸ்ஸை அக்கேள்வியிலிருந்து விலக்க யமன் காட்டும் ஆசைப்பொருள்களில் ரதங்களோடும் தூர்யங்களோடும் கூடிய மங்கையர் உண்டு. நசிகேதஸ் ந்ருத்தமும் கீதமும் உமக்கே இருக்கட்டும் என்று மறுக்கிறான். யமன் காட்டிய அதே தூர்யம்தான் சூழ்விசும்பின் முதலடியில் தூரியமாக முழங்குகிறது. வேறுபாடு இது: அங்கே இசை கேள்வியைத் தடுக்க வந்த கூலி, இங்கே, கேளாதவனுக்கு வழிநெடுக வந்த உபசாரம். அடியார் அதனை விலக்கவும் இல்லை, அதன்பொருட்டு ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. ஐந்தாம் பாசுரத்தில் வானவர் தம் இடத்துக்கு அழைக்கிறார்கள். ஆறாம் பாசுரத்தில் வானகம் ஆளுமாறு வாழ்த்தும் எழுகிறது. அடியார் அங்கே தங்கியதாகப் பாட்டு சொல்லவில்லை. அடுத்த பாசுரம் அவர்களை அப்பால் கொண்டு செல்கிறது. அந்தாதித் தொடையின் விரைவும் குறுகிய நாற்சீரடியும் இதற்குத் துணைசெய்கின்றன. பயணம் நடந்துகொண்டேயிருக்கிறது.

இக்கருத்துக்கு இரண்டு ஆக்ஷேபங்கள் எழலாம். சாந்தோக்யம் எட்டாம் ப்ரபாடகத்தில், கீதமும் வாத்யமும் விரும்புபவனுக்கு ஸங்கல்பமாத்திரத்தில் அவை எழுகின்றன என்று ஓதப்படுகிறதே, முக்தனுக்கு இசை இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது ஒன்று. அவ்விடத்தில் பித்ருக்கள், மாத்ருக்கள், ஸஹோதரர், கந்தமால்யங்கள், அன்னபானங்கள் என்று ஒரு நிரல் உண்டு. முக்தனின் ஸங்கல்பத்துக்குத் தடையில்லை என்று காட்டவே அந்நிரல் வந்தது. கீதவாத்யம் அதில் ஓர் உறுப்பு. வேண்டினால் எழும் என்பதற்கும் எப்போதும் முழங்குகிறது என்பதற்கும் இடைவெளி பெரிது.

மற்றோர் ஆக்ஷேபம் வலியது. எம்பெருமானார் ஸ்ரீவைகுண்ட கத்யத்தில் அந்தத் திவ்யலோகத்து உத்யானங்களைக் கிளி, மயில், குயில் முதலியவற்றின் இன்குரலாலும், மதுவுண்டு களித்த வண்டினங்கள் பாடும் திவ்ய காந்தர்வத்தாலும் நிறைந்தவையாக அருளிச்செய்கிறார். ஆகவே உள்ளே முழு நிசப்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாடுவோர் யாவர் என்று பார்த்தால் ஐயம் தெளியும். வண்டும் குயிலும் யாரையும் வரவேற்கப் பாடவில்லை. அவற்றின் இயல்பு அது. ஆழ்வாரின் வழியில் மேகமும் கடலும் இசைக்கருவியாயின. பாஷ்யகாரரின் சோலையில் வண்டு காயகன் ஆயிற்று. வாத்தியக்காரர் திரண்ட சபை இரண்டிலும் இல்லை. மாமணி மண்டபத்தின் நடுவே முரசு வைக்கும் உபந்யாஸகருக்கு கத்யமும் துணை நிற்காது.

இசை வாசலுக்கு உரியது என்பதைத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் உறுதிப்படுத்துகிறார். திருப்பள்ளியெழுச்சியின் ஒன்பதாம் பாசுரத்தில் தண்ணுமையும் மத்தளியும் யாழும் குழலும் முழவமும் ஒருங்கே வருகின்றன. கின்னரரும் கெருடரும் கீதம் பாடுவதைச் சொல்லும் சொற்கள் சூழ்விசும்பின் ஐந்தாம் பாசுரத்துச் சொற்களோடு அப்படியே ஒத்துள்ளன. அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? விடியற்பொழுதில், அரங்கத்தம்மான் இன்னும் பள்ளியுணராத நேரத்தில், நாளோலக்கம் அருளுவான் என்று காத்துத் திருவாசலில் நிற்கிறார்கள். கின்னரர் பாடும் இடம் இரண்டு ஆழ்வார்களுக்கும் வாசற்புறமே.

இடைக்காலத்து மறுமைப் பாட்டுகளில் உலகம் அறிந்தது இத்தாலியக் கவி தாந்தே (1265–1321) பாடியது. நம் ஸம்ப்ரதாயத்தில் வேதாந்த தேசிகர் பரமபத ஸோபானம் அருளிய காலத்தை ஒட்டியது அது. அதில் நரகத்தில் புலம்பல் உண்டு, இசை இல்லை. கழுவாய் மலையில் ஆன்மாக்கள் சங்கீர்த்தனம் பாடி ஏறுகின்றன. வானுலகில் வட்டந்தோறும் இசை. மலையடிவாரத்தில் பழைய நண்பன் காஸெல்லா பாட, ஆன்மாக்கள் மயங்கி நின்றுவிடுகின்றன. காவலன் காட்டோ கடிந்து அவற்றை விரட்டுகிறான். சூழ்விசும்பில் அப்படி ஒரு காவலன் தேவைப்படவில்லை. சனி மண்டலத்தில் தாந்தேக்கு இசை கேட்காமல் போவதற்குக் காரணம், மானிடச் செவி அதனைத் தாங்காது என்பது. அங்கே மௌனம் கேட்பவனின் குறைவால் வந்தது. ஆழ்வாரின் பாட்டில் மௌனத்துக்குக் காரணம் குறைவன்று. வழியனுப்ப வந்தவர் திரும்பிவிட்டனர். வீட்டார் கால்கழுவ நீரெடுத்து வருகின்றனர்.

அப்படியானால் உள்ளே புகுந்தவன் ஊமையோ? தைத்திரீயம் ப்ருகுவல்லியின் முடிவில், முக்தன் வேண்டிய உருவோடு உலகங்களில் உலவி ஸாமகானம் செய்துகொண்டிருக்கிறான் என்று ஓதுகிறது. வாசலுக்கு வெளியே பிறர் பாடினர். உள்ளே அவனே பாடுகிறான். நம்மாழ்வாரின் நான்கு ப்ரபந்தங்களை நான்கு வேதங்களாக வகுத்த ஆசார்யர்கள் திருவாய்மொழியை ஸாமமாகக் கொண்டார்கள். ஆகவே சூழ்விசும்பின் உள்ளே ஆழ்வார் இசையைச் சொல்லாமல் விட்டது வெற்றிடமன்று. அந்த இடத்தில் பாடப்பட வேண்டியது இப்பாட்டே. ஏழாம் பத்தின் ஒன்பதாம் பதிகத்தில் எம்பெருமான் தம்மைக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று ஆழ்வார் உருகியதும் இதனோடு இயையும்.

பதிகத்தின் பலனையும் கருதவேண்டும். இப்பாசுரங்களில் வல்லவர் முனிவராவர் என்பது பலன். முனிவன் என்பான் மனனம் செய்பவன். இத்தனை முழக்கத்தையும் பாடி முடித்தவனுக்குக் கிடைப்பது மனனசீலம். அந்தாதி முறையால் அந்தச் சொல்லே அடுத்த பதிகத்தின் முதல் விளியாகிறது. அங்கே மீண்டும் ஒலி எழுகிறது. ஆனால் அது கூப்பீடு. சூழ்விசும்பில் கண்டது மானஸ அனுபவமாய் நின்று, உடல் இன்னும் இவ்வுலகில் இருப்பது கண்டு ஆழ்வார் கதறினார் என்பது வியாக்கியானங்களின் நிர்வாஹம். பிராட்டியின்மேல் ஆணையிட்டுத் தடுக்கும் அப்பதிகத்தின் முடிவில்தான் அவர் வீடு பெற்றமை சொல்லப்படுகிறது. காட்சியாகக் கண்டபோது முரசும் சங்கும் இருந்தன. பேறு மெய்யாகவே கைபுகுந்த பாசுரத்தில் ஒரு கருவியின் பெயரும் இல்லை. சூழ்விசும்பை மட்டும் தனியே எடுத்து மோக்ஷ வர்ணனை என்று நிறுத்திவிடுவோர் இந்த அந்தாதித் தொடர்பை அறுத்துவிடுகிறார்கள்.

திருவரங்கத்து அத்யயனோத்ஸவம் இந்நுட்பத்தைச் செயலில் காத்துவருகிறது. இராப்பத்தில் நாளொரு பத்தாகத் திருவாய்மொழி ஆயிரங்கால் மண்டபத்தில் ஸேவிக்கப்படுகிறது. அம்மண்டபமே திருமாமணி மண்டபம் என வழங்கும். பத்தாம் பத்தின் முடிவில் ஆழ்வாரின் திருமேனியை அர்ச்சகர்கள் கைத்தலமாக எழுந்தருளச் செய்து நம்பெருமாள் திருவடியில் சேர்த்துத் திருத்துழாயால் மூடுகிறார்கள். பின்னர் உலகின் பொருட்டு ஆழ்வாரைத் திருப்பித் தந்தருள வேண்டுகிறார்கள். அரையர் கையில் இருப்பது தாளம் மட்டுமே. இராப்பத்து நாள்களில் நம்பெருமாள் மண்டபத்திலிருந்து திரும்பி மூலஸ்தானம் சேரும் இறுதிப்படியில் வீணை ஏகாந்தம் நடைபெறும். ஆழ்வார் வழியில் பெயர் சுட்டாமல் விட்ட கஞ்சமும் நரம்பும் இவ்வாறு உட்புறத்தில் இடம்பெற்றன. இது திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்று வாதிப்பது மிகை. வெளியே பேரொலியும் உள்ளே மெல்லொலியும் என்னும் முறைமை கோயிலுக்கும் பாட்டுக்கும் பொது என்பதே சொல்லத்தக்கது.

இவ்விசைமரபுக்கு முதல்வரான நாதமுனிகள் அவதரித்த வீரநாராயணபுரம், காட்டுமன்னார்கோயில், கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது. அதே மாவட்டத்தின் மேற்கில் வேப்பூர். இடையில் விருத்தாசலமும் ஸ்ரீமுஷ்ணமும். மருமக்கள் கீழையகத்தாழ்வானும் மேலையகத்தாழ்வானும் துணைநிற்க, நாலாயிரத்தைத் தேவகானத்தில் அமைத்தவர் நாதமுனிகள் என்று குருபரம்பரை கூறும். பல தாளங்களை ஒருசேர ஒலிக்கச் செய்து ஒவ்வொன்றின் எடையையும் ஓசையாலேயே சொன்னார் என்னும் வரலாறும் அதில் உண்டு. ஒலியை அவ்வளவு நுணுகி அறிந்தவர் வழியில் வந்த அரையர் ஸேவை இன்று திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, திருநாராயணபுரம் ஆகிய தலங்களோடு நிற்கிறது. நாதமுனிகள் பிறந்த நாட்டில் பெரும்பாலும் கோஷ்டி ஓதலே எஞ்சியது.

வேப்பூர்ப் பகுதியின் ஊர்களில் இறுதி ஊர்வலத்தின் முன்னே சங்கும் சேகண்டியும் ஒலித்துச் செல்லும். பரமபதித்தவர் இல்லத்தில் சூழ்விசும்பு ஸேவிக்கும் வழக்கம் ஸ்ரீவைஷ்ணவர்களிடம் உண்டு. தெருவில் கேட்ட சங்கு இங்கிருந்து அனுப்புவது. பாசுரத்துச் சங்கு அங்கே எதிர்கொள்வது. இரண்டையும் இணைத்துக் கேட்கும் வாய்ப்பு துக்கத்தில் இருப்போருக்கு அப்போதுதான் உண்டு. அந்த வாய்ப்பை இரண்டு வகையில் கெடுத்துவருகிறோம். சில இல்லங்களில் பதினொரு பாசுரங்களும் கடமையாக ஒரே மூச்சில் ஓதி முடிக்கப்படுகின்றன. ஆறாம் பாசுரத்துக்கும் ஏழாம் பாசுரத்துக்கும் இடையே நிகழ்வது ஒருவர் செவியிலும் விழுவதில்லை. மற்றொருபுறம் இப்பதிகத்தை மேடையிசையாக்கி, முதற்பாசுரம் முதல் பலச்ருதி வரை மிருதங்கத்தோடு பாடி முடிக்கும் வழக்கம் வளர்ந்துவருகிறது. முன்னதைவிடப் பின்னது இனிமையானது. பிழையும் அதிலேதான் மிகுதி. முரசம் கோபுரத்தைக் கடந்து மாமணி மண்டபத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

பாட்டறிந்தவர் ஸேவிக்கும் இல்லங்களில் முதல் ஆறு பாசுரங்களைத் தாளத்தோடு வாய்விட்டுப் பாடுவது தகும். ஏழாவதில் தாளத்தை நிறுத்தி, சொல் ஒவ்வொன்றும் பொருளோடு விளங்குமாறு மெல்ல ஓதலாம். பத்தாவதில் பாதம் கழுவும் இடம் வரும்போது அங்கிருப்போர் அதனைக் கேட்கும்படி சிறிது நிறுத்தலாம். அதன்பின் பத்தாம் பத்தின் இறுதிப் பதிகத்தையும் விடாமல் தொடர்ந்து ஸேவிக்கவேண்டும்.